வரவு நோட்டு

ஊட்டியில் ஒரு மாமா, கொடைக்கானலில் ஒரு சித்தப்பா, குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அத்தை. இந்த மூன்றில் ஒன்று வாய்த்துவிட்டால் போதும், ஒரு குடும்பம் ஊர் சுற்றுவதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டாம். கவலையெல்லாம் அந்த மாமா, சித்தப்பா, அத்தைக்குத்தான்.

எங்களுக்கு வாய்த்தது அத்தை. அப்பாவின் அக்காள். தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலுக்கு மேற்கே ஒரு தெருவில் ஓட்டு வீடு. தெருவில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். டவுன் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் குற்றாலம்.

போன மாசியில் அத்தை காலமானாள். வயது தொண்ணூற்று ஒன்று. ராத்திரி பால் குடித்துவிட்டுப் படுத்தவள், காலையில் எழுந்திருக்கவில்லை. 'கொடுத்து வைத்த சாவு' என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சாவு அப்படித்தான். வாழ்க்கை அப்படியா என்பதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

* * *

அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1950-ல், பதினாறு வயதில். மாப்பிள்ளை செங்கோட்டை. தென்காசியிலிருந்து எட்டே கிலோமீட்டர். ஆனால் அன்றைக்கு அது வேறு ராஜ்ஜியம்! செங்கோட்டை அப்போது திருவாங்கூர்-கொச்சியில் இருந்தது. மாமியார்க்காரி சக்கரத்தில்தான் கணக்குப் பேசுவாளாம். 28 சக்கரம் ஒரு திருவாங்கூர் ரூபாய். நம்முடைய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். "அந்த அரைச் சக்கரத்துலதான் நான் கணக்குப் படிச்சேன்" என்பாள் அத்தை. (பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.)

1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தது. மறு ஆடியில் அத்தை தென்காசியோடு சேர்ந்தாள். மாமாவுக்கு ஏதோ விஷக் காய்ச்சல், ஒன்பது நாள். குழந்தை கிடையாது. இருபத்து மூன்று வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்தவள், பிறகு அந்த வீட்டை விட்டு வேறு எங்கும் குடிபோகவில்லை.

ஆனால் விலாசம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 1969-ல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. திருநெல்வேலி மாவட்டம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாகி, 1997-ல் மறுபடி திருநெல்வேலி ஆயிற்று. 2019 நவம்பரில் தென்காசியே தனி மாவட்டம். "நான் உட்கார்ந்த மணையை விட்டு எந்திரிக்கல மருமவனே. இவனுவதான் என்னத் தூக்கித் தூக்கி வைக்கான்!"

(தம்பி மகன் என்பதால் நான் அவளுக்கு மருமகன். பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.)

* * *

சீசனுக்கு வருவோம்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, மிச்சம் மீதி ஈரத்தை ஆரியங்காவுக் கணவாய் வழியாக நம் பக்கம் தூவும். அதற்குத்தான் சாரல் என்று பெயர். குடை பிடித்தால் கேவலம், பிடிக்காவிட்டால் ஜலதோஷம் என்கிற அளவுக்கு ஒரு மழை. மலை மேலே பெய்வது சிற்றாற்றில் இறங்கிக் குற்றாலத்தில் பேரருவியாக விழும். நேராக விழுந்தால் கீழே நிற்கிற ஆள் தாங்க மாட்டான். நடுவழியில் பொங்குமாங்கடல் என்று பாறையில் ஒரு பள்ளம். தண்ணீர் அதில் விழுந்து, பொங்கி, கோபம் தணிந்து அப்புறம்தான் நம் தலைக்கு வரும்.

அத்தையும் அப்படி ஒரு பொங்குமாங்கடல்தான். ஐந்து தம்பிகள், அவர்கள் சம்சாரங்கள், சம்பந்தி வகையறா, அந்தச் சம்பந்திகளின் ஆபீஸ் சிநேகிதர்கள் என்று மேலேயிருந்து விழுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, சத்தம் போடாமல் சோறாக அனுப்புவாள்.

ஆனி பிறந்தால் இன்லண்ட் லெட்டர் வர ஆரம்பிக்கும். 'அன்புள்ள அக்காளுக்கு, இங்கு யாவரும் நலம். அங்கு சாரல் எப்படி இருக்கிறது? ஐந்தருவியில் எத்தனை விழுகிறது?' அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படிப்பாள். "சாரல் சௌக்கியமான்னு கேட்டிருக்கான். நல்ல பய" என்று மடித்து வைப்பாள்.

"அருவியில தண்ணி இல்லேன்னா இந்த வீட்டுக்கு எவன் வருவான்?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் வருஷா வருஷம் சொல்வாள்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் குற்றாலத்தில் சீசன் களைகட்டும். இந்த ஒரு காரணத்தால், எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜூலை மாதத்தில் வந்த வயிற்று வலி மருத்துவ உலகம் அறியாதது. மெட்ராஸ்காரர்கள் கொல்லம் மெயிலில் வருவார்கள். மீட்டர் கேஜ் ரயில். தென்காசியில் இறங்கும்போது ஆளுக்கு அரைக்கிலோ கரி இருக்கும். வாசலில் வெந்நீர்ப் பானையோடு அத்தை நிற்பாள். முதல் கேள்வி, "எத்தன பேரு வந்திருக்கிய?" என்பதல்ல. அதைத் தலையை எண்ணித் தெரிந்துகொள்வாள். "காப்பியா, கருப்பட்டிக் காப்பியா?" என்பதுதான்.

சாப்பாடு? கூட்டாஞ்சோறு ஒருநாள், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒருநாள், புறப்படும் நாளில் சொதி. மூன்று தேங்காய்ப் பால் எடுத்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. சொதியை நிறுத்தாமல் சாப்பிடத் தோன்றும். இஞ்சி இல்லாவிட்டால் வயிறு நிறுத்தச் சொல்லும். அரிசிக்கு தம்பிகள் அனுப்பிய மணியார்டர் பாதி, அத்தை அப்பளம் இட்டு விற்றது பாதி.

குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு விருந்தோம்பல் இலக்கியத்திலேயே ஏறிவிட்டது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார் என்று இன்றைக்கும் பேசுகிறோம். வந்தவர்கள் பேனா பிடித்தவர்கள். எங்கள் அத்தை வீட்டுக்கு வந்தவர்கள் துண்டு பிடித்தவர்கள். எழுத ஆள் இல்லை. அதனால் அத்தையே எழுதி வைத்தாள்.

அதைக் கடைசியில் சொல்கிறேன்.

* * *

அருவிக்குப் போகும்போது அத்தையும் வருவாள். ஆனால் குளிக்க மாட்டாள். பெண்கள் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொள்வாள். கழற்றிக் கொடுத்த சங்கிலிகள், கைக்கடிகாரங்கள், மூக்குக் கண்ணாடிகள், ஒரு பல் செட் எல்லாம் அவள் மடியில். லாக்கர்! கடைசி ஆள் தலை துவட்டி முடிகிற வரை எழுந்திருக்க மாட்டாள். அவள் குளிப்பது புரட்டாசியில். கூட்டம் வடிந்த பிறகு, ஒருநாள் அதிகாலையில் தனியாகப் போய்விட்டு வருவாள்.

உட்கார்ந்திருந்தாலும் கண் அருவியில் இருக்காது. அருவிக்கு மேலே மலையில் இருக்கும். "அருவியப் பாக்குறதுக்கு முன்ன மலையப் பாக்கணும். மேல மேகம் கறுத்துட்டுன்னா கீழ வெயில் அடிச்சாலும் நம்பாத. தண்ணி செவந்து, சருகும் சுள்ளியும் வந்துதுன்னா சோப்பைப் போட்டுட்டு ஓடியாந்திரணும்." சோப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற என் சித்தப்பாவை ஒரு தடவை அத்தனை கூட்டத்தில், "ஏல, வெளிய வா!" என்று அதட்டி இழுத்தாள். சித்தப்பா அப்போது தாசில்தார்.

2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்றே, நினைவிருக்கும். டி.வி.யில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். "மேல பாக்க ஒரு ஆள் வேண்டாமா?" என்று மட்டும் கேட்டாளாம். சீசனுக்குப் போகிறவர்கள் இந்த வாக்கியத்தைத் துண்டு, எண்ணெய், சீயக்காயோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம். பத்துப் பேர் குளித்தால் ஒருவர் மலையைப் பார்க்க வேண்டும்.

* * *

சீசனில் அவள் ராணி. மற்ற நாட்களில்?

1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அப்பாவின் சுயார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு, அப்பா உயில் எழுதாமல் போனால். தாத்தா எழுதிவிட்டுப் போனார். வீடு ஐந்து பையன்களுக்கு. மகள் ஆயுள் பரியந்தம் குடியிருந்துகொள்ளலாம். விற்கவோ ஒத்தி வைக்கவோ பாத்தியம் இல்லை. தாத்தா கெட்டவர் இல்லை. பெண்ணைத் தெருவில் விடக்கூடாது என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆக, நாங்கள் 'அத்தை வீடு, அத்தை வீடு' என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கிய வீடு அத்தை வீடு இல்லை. அவள் எங்களுக்குச் சோறு போட்டது எங்கள் வீட்டில்தான். அவளும் ஒருவகையில் விருந்தாளிதான். அறுபது வருஷத்துக்கு மேலே தங்கிவிட்ட விருந்தாளி.

குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பத்து நாள் முன்னதாக அத்தைக்குத்தான் ஆள் போகும். அப்பளம், வடகம், முந்திரிக்கொத்து, மறுவீட்டுச் சொதி எல்லாம் அவள் கை. தாலி கட்டும் நேரத்தில் மட்டும் ஆளைக் காணாது. யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். அவளாகவே அடுப்படிக்குள் போய்விடுவாள். அவளாகவே போய்விடுகிற மாதிரி அல்லவா வைத்திருந்தோம் நம் வழக்கங்களை! சாப்பாடும் கடைசிப் பந்திக்குப் பிறகுதான், பாத்திரம் தேய்க்கிறவர்களோடு.

1983 தை மாதம் என் அக்காவுக்குக் கல்யாணம். தாலி ஏறிய கையோடு அக்கா மணவறையிலிருந்து இறங்கி, மாப்பிள்ளையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. புகைக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை பதறிப்போய், "ஏட்டி, கூறு கெட்டவளே, இங்க எதுக்கு வந்த? போ, போ!" என்று துருவலும் கையுமாக விரட்டினாள். அக்கா போகவில்லை. இரண்டு பேரும் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். அத்தை திருநீறு பூசிவிட்டாளா, தேங்காய்த் துருவலைப் பூசிவிட்டாளா என்று அந்தப் புகையில் தெரியவில்லை.

* * *

தென்காசிக் கோயில் கோபுரத்தை நான் சின்னப் பையனாகப் பார்த்தபோது அது மொட்டையாகத்தான் நின்றது. வாசலில் காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஒன்பது நிலைக் கோபுரமாக எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது 1990-ல். ஒரு மச்சில் ஏறி நின்று அத்தை அதைப் பார்த்தாள். "நான் முழுசாப் பாக்காம போயிருவேன்னு நெனச்சேன்" என்று இறங்கி வந்தாள்.

அந்தக் கோயிலைக் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். 1446 வாக்கில் ஆரம்பித்தான். அங்கே அவன் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். 'நான் கட்டினேன், நான் கொடுத்தேன்' என்கிற ரகம் இல்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்து, யாராவது வந்து அதைச் சரி செய்தால், அவர்களை நான் இப்போதே பணிகிறேன் என்கிறான். ஐந்நூற்றைம்பது வருஷம் கழித்து வரப்போகிற கொத்தனாருக்கும் சேர்த்து ஒரு ராஜா கும்பிட்டு வைத்திருக்கிறான்!

அத்தை எங்களை அழைத்துக்கொண்டு போனால் இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டாள். "இன்னும் பொறக்காதவன் கால்ல விழுந்திருக்கான் பாத்தியா? அவன் ராஜா."

* * *

இனி நோட்டு.

காரியத்துக்குப் பணம் எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, சேலைகளுக்கு அடியில் ஆறு நோட்டுகள் இருந்தன. எண்பது பக்க ரூல் போட்ட பள்ளிக்கூட நோட்டுகள். முதல் நோட்டின் அட்டையில் 'வரவு' என்று எழுதியிருந்தது. என் பெரியப்பா மகன் ஆடிட்டர். ஆவலாக வாங்கிப் பார்த்தான். தேதி, யார் வீடு, எத்தனை பேர், எத்தனை ராத்திரி, அருவி, சமையல். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "செலவு எங்கே?"

செலவு இல்லை. அது வந்தவர்களின் வரவு. 1961-லிருந்து ஒரு சீசன் பாக்கியில்லை.

1977-ல் மொத்தம் 43 பேர். 'ஐந்தருவியில் ஐந்தும். விறகு ஈரம்.' 1985-ல் 38. 'பேரருவி ஆர்ச்சு தாண்டி. மூத்த தம்பி குளிக்கவில்லை, மூட்டு வலி.' அதற்கப்புறம் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. குற்றாலத்தில் லாட்ஜ்கள் பெருகின, நம்மிடம் கார்கள் பெருகின. காலையில் வந்து குளித்து, மத்தியானம் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலமே திரும்புகிற காலம் வந்தது. 2003-ல் 11 பேர். 2016-ல் 2. 'ஒரு ராத்திரி. காப்பியில் சீனி வேண்டாம்.' 2020-ல் கொரோனா. 'சாரல் நல்ல சாரல். வந்தது 0.' பூஜ்யத்தைக் கூட விடாமல் எழுதியிருக்கிறாள்.

ஆனி, ஆடி, ஆவணி தவிர வேறு மாதமே அந்த நோட்டுகளில் கிடையாது. ஒரே ஒரு இடத்தைத் தவிர. மூன்றாவது நோட்டில்: '1983 தை. மருமவ அடுப்படிக்கு வந்தா. 2 பேர்.' அருவி என்கிற இடத்தில் ஒரு கோடு. சமையல் என்கிற இடத்திலும் ஒரு கோடு.

அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, நோட்டைக் கொஞ்ச நேரம் யாருக்கும் தரவில்லை.

ஆறாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில், கை நடுங்கிய எழுத்தில் ஒரு பட்டியல். அவளுடைய பதினாறாம் நாளுக்கு என்ன சமைக்க வேண்டும் என்று. அவியல், பருப்பு, ரசம், பாயசம். பூந்தி வேண்டாம். (பூந்தி என்றால் அவளுக்குக் கோபம் வரும், 'கடைக்காரன் பலகாரம்' என்பாள்.) பெட்டியில் எந்த மூலையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்கிற விவரம். அதற்குக் கீழே இரண்டு வரி:

'பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் முதல் பந்தியில் இலை போடவும். செய்கிறவர் யாரானாலும் அவருக்கு என் கும்பிடு.'

பராக்கிரம பாண்டியன் கோயிலில் அத்தை சும்மா பிரதட்சிணம் மட்டும் பண்ணவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் சொன்னபடியே செய்தோம். முதல் பந்தியில் பாத்திரம் தேய்க்க வந்த மூன்று பேர், பக்கத்து வீட்டுப் பெண், பால்காரர், பந்தல்காரர். முதலில் அவர்கள் உட்காரவே கூச்சப்பட்டார்கள். அக்காதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். குடும்பம் கடைசிப் பந்தி.

வீட்டைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. ஐந்து பங்கு இப்போது பதினான்கு பங்காகிவிட்டது. விற்றால்தான் பிரிக்க முடியும் என்கிறார்கள். நோட்டுகளுக்குப் பதினான்கு பங்கு கிடையாது. அவை அக்காவிடம் இருக்கின்றன.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம், இலையெல்லாம் எடுத்த பிறகு, ஆறாவது நோட்டில் அத்தை விட்ட இடத்தில் அக்கா எழுதி முடித்தாள்:

'பங்குனி. பதினாறாம் நாள். எல்லார் வீடும். வந்தது 112. அருவி: வெறும் பாறை.'